தொழில்முனைவோர் பரஸ்பர ஆலோசனைக் குழு

தத்தம் தொழிலைத் தாமே முதலிட்டு நடத்துகிறவர்கள் சிலர், குறித்த காலத்தில் தவறாது ஓரிடத்தில் கூடி, ஒருவர் தம் தொழிலில் நேர்ந்த சிக்கலை மற்றவர்முன் வைத்து, அவர்களுடைய அனுபவத்தில் விளைந்த அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொள்ளும் சிறு சபைக்கு இப்பெயர் வழங்கும். வரி, உரிமம் முதலிய பொது விவகாரங்களில் அரசாங்கத்தோடு வாதாடும் வியாபாரிகள் சங்கத்தினின்றும் இது வேறுபட்டது; இங்கே பேசப்படுவது அவரவர் கணக்கும் கடனும் கவலையுமே.

வணிகர் ஒன்றுகூடுதல் தென்னாட்டுக்குப் புதிதன்று. வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவ ஆலயத்துக்குக் கி.பி. 849-இல் வழங்கிய செப்பேடுகள் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் இரு வணிகக் குழுக்களைக் குறிப்பிடுகின்றன. ஆனால் அவற்றில் நாம் காண்பவை உரிமையும் செல்வாக்கும் பெற்ற பெருவணிகர் ஸ்தாபனங்கள். தொழிலில் இடறியவன் தன் இடறலைச் சொல்லி யோசனை கேட்கும் சபைக்குத் தெளிவான முன்மாதிரி, 1727-இல் பிலடெல்பியா நகரில், அச்சுத்தொழில் செய்துவந்த இளைஞரான பெஞ்சமின் பிராங்கிளின் கைத்தொழிலாளரையும் பிறரையும் சேர்த்து அமைத்த ‘ஜண்டோ’ ஆகும். வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடிய அச்சபை தனக்கென வகுத்துக்கொண்ட வினாக்களுள், ஊரில் அண்மையில் தொழில் நொடித்தவர் யார், காரணம் யாது என்பதும், செழித்தவர் எவ்வழியால் செழித்தார் என்பதும் இடம்பெற்றிருந்தன. பிறர் வீழ்ச்சியை வம்பாக்காமல் பாடமாக ஆராயும் இந்த மனப்பான்மையே இத்தகைய குழுக்களுக்கு உயிர்நிலை. அமெரிக்காவில் 1950-இல் இளம் நிறுவனத் தலைவர்களுக்கெனத் தோன்றிய சங்கமும், 1957-இல் மில்வாக்கியில் ராபர்ட் நர்ஸ் தொடங்கி இன்று விஸ்டேஜ் எனப்படும் அமைப்பும் அதனை ஒழுங்குபட்ட முறையாக்கின. எனினும் அவை பெரும்பாலும் வசதிபடைத்தவர்க்கே எட்டின.

ஏழைப் பெண்களிடம் இம்முறை சேமிப்பின் வழியாக வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அமைந்தன; நபார்டு வங்கி 1992-இல் இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கிற்று. கேரளத்தில் ஆலப்புழை நகரிலும் பின்னர் மலப்புறத்திலும் செய்துபார்த்த அனுபவத்தின் பயனாக உருவான குடும்பஸ்ரீ திட்டத்தை, 1998 மே 17 அன்று மலப்புறத்தில் பிரதமர் வாஜ்பாய் தொடங்கிவைத்தார். பத்து முதல் இருபது பெண்கள்வரை சேர்ந்த அயல்கூட்டம், வார்டு அளவில் ஒரு சங்கம், பஞ்சாயத்து அளவில் மற்றொன்று என மூன்று படிகளில் அது அமைந்தது.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் பாறசாலையை அடுத்த கொல்லயில் பஞ்சாயத்தும் இந்த அமைப்பில் சேர்ந்ததே. மாநில எல்லைகள் மாற்றியமைக்கப்பட்ட 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் இப்பிரதேசத்தின் கல்யாண உறவும் கொள்வினை கொடுப்பினையும் எல்லையைப் பார்த்து நிற்கவில்லை. ஆகையால் இங்குள்ள சிறுதொழில்காரிக்கு எல்லைக்கு அப்பாலுள்ள களியக்காவிளைச் சந்தையும் இப்பாலுள்ள பாறசாலைக் கடைத்தெருவும் இரண்டுமே சொந்தமாகின்றன. எங்கே ரொக்கம், எங்கே கடன், எந்தக் கடைக்காரர் பணத்தை இழுத்தடிப்பார் என்ற விஷயங்களை எந்த அதிகாரியும் எழுதித் தர இயலாது. அங்கே விற்றுப் பார்த்தவளே சொல்ல வேண்டும்.

அயல்கூட்டம் முறைவைத்து உறுப்பினர் வீடுகளில் கூடும். சேமிப்பு வசூலும் கடன் தவணையும் நோட்டில் ஏறிய பின் பிறக்கும் பேச்சில்தான் ஆலோசனைக் குழுவின் பயன் முழுமையாக வெளிப்படுகிறது. முந்திரிக்கொத்து செய்து விற்கும் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். பயறு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றுக்கு மாத்திரம் கணக்கெழுதி, விற்ற பணத்தில் மிச்சம் கண்டதாக அவள் மகிழ்ந்திருப்பாள். “தேங்காய் உங்க மரத்துத் தேங்காய்தான் அக்கா, ஆனா சந்தையில குடுத்தா அதுக்கும் காசு உண்டில்லியா?” என்று அடுத்திருப்பவள் கேட்டால், தோப்பு விறகும், அடுப்படியில் நின்ற நாலு மணி நேரக் கைக்கூலியும் ஒவ்வொன்றாகக் கணக்கில் ஏறும்; லாபமென்று எண்ணியது உண்மையில் தன் உழைப்பையே மலிவாக விற்றது என்று தெளிவாகும். கணவர் சொன்னால் குறையாகவும், வங்கி அதிகாரி சொன்னால் மறுப்பாகவும் தோன்றக்கூடிய இதே வார்த்தை, தன்னைப்போலவே அடுப்பில் வேகிறவள் வாயிலிருந்து வரும்போது மனத்தில் தைக்கிறது. கடன் கொடுத்து ஏமாந்ததை வெட்கமின்றிச் சொல்லவும், உணவுப் பண்டம் விற்கப் பதிவு பெறும் வழியை விசாரிக்கவும், இரண்டாவது கிரைண்டர் வாங்கும் ஆசையை ஒரு மாதம் தள்ளிப்போடவும் அங்கே இடமுண்டு. அயல்கூட்டப் பெண்களிலிருந்தே தேர்ந்து பயிற்றப்பட்ட குறுந்தொழில் ஆலோசகர்களும் குடும்பஸ்ரீயில் இருப்பது, அனுபவத்துக்கு அவ்வியக்கம் அளிக்கும் மதிப்பைக் காட்டுகிறது.

குறைகளும் உள. ஒரே வார்டில் இருவர் ஊறுகாய் போட்டால், விலையை மனந்திறந்து பேச இருவருக்கும் தயக்கம் ஏற்படும். மேனாட்டுக் குழுக்கள் பல, ஒரே தொழிலில் போட்டியிடும் இருவரை ஒன்றாய்ச் சேர்க்காதது இதனாலேயே. உள்ளே பேசியது வெளியே போகாதென்ற உறுதி, எல்லாரும் உறவாகிய கிராமத்தில் எளிதில் கிட்டுவதன்று. தவணை பிந்தியவளைக் கண்டிப்பதிலேயே நேரம் கழியுமானால், கடன்காரியின் கூச்சம் யோசனை கேட்கவேண்டியவளின் வாயை அடைத்துவிடும். ஆதலால் சேமிப்புக் கணக்கை முதலில் முடித்து, தொழில் பேச்சுக்கெனத் தனி வேளை ஒதுக்கி, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருத்தியின் கணக்கை மட்டும் விரித்து ஆராய்வதே அயல்கூட்டங்களுக்கு உகந்த முறை எனலாம். அடுத்த கூட்டத்தில் அவள் அந்த யோசனைப்படி என்ன செய்தாள், என்ன ஆயிற்று என்று கேட்பதும் அதனோடு சேர்ந்ததே.