ராஜினாமாவும் ஒரு ஆயுதம்: வில்லியம் ஹேஸ்டி

நம்மாளு ஒருத்தரை உள்ளே எடுத்து நாற்காலி கொடுத்துட்டா மத்தவங்க வாயை மூடிக்குவாங்க என்கிற கணக்கு நம் ஆட்சியாளர்கள் கண்டுபிடித்ததல்ல. 1940இல் தேர்தல் நெருங்கிய நேரத்தில் அமெரிக்க அரசும் அதைத்தான் போட்டது. போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சனுக்கு ஆலோசகராக வில்லியம் ஹேஸ்டி என்ற கறுப்பரை அழைத்தது.

ஹேஸ்டி 1904இல் டென்னசியில் பிறந்தவர், ஹார்வர்டில் சட்டம் படித்தவர். 1937இல் வர்ஜின் தீவுகளில் நீதிபதியானார். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதியான முதல் கறுப்பர் அவர்தான். இரண்டே வருஷத்தில் அதை விட்டுவிட்டு வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகச் சட்டப் பள்ளிக்கு டீனாக வந்தார். நீதிபதி வேலையை விட்டுட்டு வாத்தியார் வேலைக்கா என்று தோன்றும். ஆனால் அந்தப் பள்ளியை, நிறவெறிச் சட்டங்களை உடைக்கும் வக்கீல்களின் பட்டறையாக அவருடைய உறவினர் சார்லஸ் ஹூஸ்டன் ஏற்கனவே மாற்றியிருந்தார். தர்குட் மார்ஷல் அங்கே படித்தவர்தான்.

போர்த்துறைக்குள் போய்ப் பார்த்தால் ஊரும் சேரியும்தான். தனிப் படைப்பிரிவு, விமானிகளுக்கு டஸ்கேகீயில் தனிப் பயிற்சி நிலையம். ரத்தத்திலும் தீட்டு! கறுப்பரின் ரத்தத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் வாங்கவே இல்லை. 1942இல் வாங்கத் தொடங்கி, தனியாகப் பிரித்து வைத்தது. இத்தனைக்கும் ரத்தப் பிளாஸ்மாவைச் சேமிக்கும் முறையை வளர்த்தெடுத்ததில் முக்கியமானவர் சார்லஸ் ட்ரூ என்ற கறுப்பு மருத்துவர். இரட்டைக் குவளை பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரிவினையைக் கைவிடச் சொல்லி 1941இல் ஹேஸ்டி கொடுத்த அறிக்கையைத் தளபதிகள் ஒதுக்கினார்கள். விமானப்படையோ அவரிடம் சொல்லாமலே கறுப்பர்களுக்குத் தனி அதிகாரிப் பயிற்சிப் பள்ளி திறக்கப் பார்த்தது. 1943 ஜனவரியில் ராஜினாமா செய்தார். கடுதாசியை நீட்டிவிட்டுச் சும்மா போகவில்லை, காரணங்களைப் பத்திரிகைகளில் போட்டு உடைத்தார். 1951இல் அமைச்சரவையிலிருந்து விலகிய பாபாசாகேப்பும், நாடாளுமன்றத்தில் வாசிக்க விடாத அறிக்கையைப் பத்திரிகைகளுக்குத்தான் கொடுத்தார். அவரும் 1935 முதல் 1938 வரை பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்.

ஹேஸ்டியின் துணிச்சலுக்குக் குணம் மட்டும் காரணமில்லை என்பது என் கருத்து. அரசாங்கத்தை உதறினால் திரும்பிப் போக ஹோவர்டு இருந்தது. சொந்த நிறுவனம் இல்லாத அதிகாரிக்கு ராஜினாமா பட்டினியாகத்தான் முடியும். திரும்பி வந்தவர் மார்ஷலோடு சேர்ந்து டெக்சாஸ் வழக்கை நடத்தினார். அங்கே ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே ஓட்டுப் போடலாம். அந்தக் கட்சியே எப்போதும் ஜெயித்ததால் உண்மையான தேர்தலே அதுதான். 1944இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியது.

1946இல் அவரை வர்ஜின் தீவுகளின் ஆளுநராக்கினார்கள், 1949இல் மேல்முறையீட்டு நீதிபதியாக்கினார்கள். ராணுவத்தில் பிரிவினையை ஒழிக்கும் ஆணையில் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948இல். செஞ்சிலுவைச் சங்கம் ரத்தத்தில் நிறம் பார்ப்பதை நிறுத்த 1950 வரை ஆனது.