பெயரை எண்ணால் அளந்த பத்து ஆண்டுகள்

2018 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆம் திகதி அமெரிக்காவில் ஓர் இணைய சேவை மூடப்பட்டது. 'க்ளவுட்' என்பது அதன் பெயர். மேகக் கணிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. செல்வாக்கு எனப் பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை மாற்றிச் சூட்டிய பெயர் இது. மனிதர் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் எவ்வளவு செல்வாக்கு என்று கணித்து, 1 முதல் 100 வரை புள்ளி வழங்குவதே அதன் தொழில். மூடப்பட்டபோது பலருக்கு அது நினைவிலேயே இல்லை. ஆனால் இடைப்பட்ட சில ஆண்டுகளில் அந்தப் புள்ளி தொழிலைத் தந்தது, தொழிலைப் பறித்தது.

இதனை உருவாக்கியவர் ஜோ பெர்னாண்டஸ். 2007 இல் தாடையில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டு, அவரது வாய் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. மூன்று மாதங்கள் பேச இயலாதவர், பேஸ்புக், டுவிட்டர் வழியாகவே உலகத்தோடு உரையாடினார். தாம் சொல்வதை யார் கேட்கிறார்கள், எவர் சொல்லை எவர் நம்புகிறார்கள் என்பதை இங்கே எண்ணிப் பார்க்க முடியுமே என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்கு உதித்தது. வாய் பேசாதிருந்த ஒருவர், அதிகம் பேசுவோருக்குப் பரிசளிக்கும் அளவுகோலைக் கண்டுபிடித்தார் என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று. 2008 இல் சேவை ஆரம்பமாயிற்று.

பெயரை எண்ணி மதிப்பிடும் வழக்கம் அவரோடு தொடங்கியதன்று. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்வந்தோர் எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்று தொகுக்கும் யோசனையை யூஜின் கார்பீல்ட் 1955 இல் முன்வைத்தார். 1964 இல் அந்த அட்டவணை அச்சாகி வெளிவந்தது. கூகிளை நிறுவிய இருவரும் 1998 இல் இணையப் பக்கங்களைத் தரப்படுத்த இதே தத்துவத்தையே எடுத்தாண்டனர். ஆனால் ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டுவதற்கு ஒருவர் அதனை வாசித்து, தாமும் ஒரு கட்டுரை எழுதியாக வேண்டும். டுவிட்டரில் ஒரு வரியை மறுபதிவு செய்ய விரல் நுனி போதும். க்ளவுட் எண்ணியது இந்த விரல் நுனிகளைத்தான்.

வர்த்தக உலகம் இதனை விரைவாகவே பிடித்துக்கொண்டது. 2012 மே மாதம் கதே பசிபிக் விமான நிறுவனம், 40 புள்ளியும் அதற்கு மேலும் பெற்றோரைச் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலுள்ள தனது ஓய்வறைக்குள் அனுமதித்தது. அதே ஆண்டில் சேல்ஸ்போர்ஸ் நிறுவனம் வெளியிட்ட வேலை விளம்பரமொன்றில், விரும்பத்தக்க தகைமைகளுள் ஒன்றாக 35 புள்ளி குறிப்பிடப்பட்டிருந்தது. ரொறன்ரோவில் 15 ஆண்டு அனுபவமுள்ள சந்தைப்படுத்தல் ஆலோசகர் ஒருவர் உயர்பதவிக்கான நேர்முகத்துக்குச் சென்றார். அவரது புள்ளியைக் கேட்டார்கள். அப்படியொன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பார்த்தால் 34. வேலை 67 உடையவருக்குப் போயிற்று. பிறகு அவர் ஆறு மாதம் இரவுபகலாக டுவிட்டரில் உழைத்து அதனை 72 ஆக்கிக் காட்டினார். அவ்வாறு செலவழித்த ஆறு மாதத்தில் தம் துறையில் அவர் புதிதாக என்ன கற்றார் என்பதைப் பற்றி அந்தப் புள்ளியில் ஒரு சொல்லும் இல்லை.

அளவுகோலும் நிலையாக இருக்கவில்லை. 2011 ஒக்டோபரில் கணக்கிடும் முறை மாற்றப்பட்டது. பலரது புள்ளி ஒரே இரவில் சரிந்து, பெரும் கூக்குரல் எழுந்தது. பாடகர் ஜஸ்டின் பீபர் 100 பெற்று அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவுக்கு மேலே நின்ற காலமும் இருந்தது. 2012 ஓகஸ்டில் மீண்டும் முறையை மாற்றியபோதுதான் ஜனாதிபதி பாடகரை முந்தினார்!

எமது நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளை நீண்டகாலம் வாசித்தவர்கள் 'எமது நிருபர்' என்ற இரண்டு சொற்களை அறிவார்கள். பெயர் இல்லை, ஊர் மட்டுமே உண்டு. அந்த நிருபர் அனுப்பும் செய்தியை மறுமுறை சரிபார்க்க வேண்டுமா இல்லையா என்பது செய்தி ஆசிரியருக்குத் தெரியும். அதுதான் அவருடைய மதிப்பு. போர்க்காலத்தில் பெயர் போடாமை உயிர் காக்கும் ஏற்பாடாகவும் இருந்தது. 1997 இல் தொடங்கிய தமிழ்நெற் இணையத்தளமும் செய்திகளை எழுதியவர் பெயரின்றியே வெளியிட்டது. வெளிநாட்டுத் தூதரகங்களும் செய்தி நிறுவனங்களும் அதனை வாசித்தன. அதன் ஆசிரியரான 'தராக்கி' சிவராம் 2005 ஏப்ரில் 28 ஆம் திகதி கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் சடலமாக மீட்கப்பட்டார். டுவிட்டர் தோன்றியது 2006 இல். இணையத்தில் பெரும் செல்வாக்குடன் எழுதிய ஒரு தமிழருக்கு எந்தப் புள்ளியும் கிடைத்ததில்லை. அவரது செல்வாக்கை வேறு யாரோ வேறு விதமாக அளந்திருந்தார்கள்.

2014 மார்ச்சில் லிதியம் என்ற நிறுவனம் க்ளவுட்டை வாங்கியது. விலை சுமார் 20 கோடி டொலர் எனச் செய்திகள் கூறின. அதே ஆண்டில் பிரித்தானிய விஞ்ஞானி நீல் ஹோல் அரைகுறைக் கேலியாக 'கர்தாஷியன் சுட்டி' என்ற ஒன்றை முன்மொழிந்தார். ஒரு விஞ்ஞானியின் டுவிட்டர் பின்தொடர்வோர் தொகை, அவரது ஆய்வு மேற்கோள்களுக்குப் பொருந்தாத அளவு பெருத்திருக்கிறதா என்று பார்க்கும் கணக்கு அது. கேலியானாலும் கணக்குச் சரியானது என்பேன். நான்கு ஆண்டுகள் கழித்து, ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாளில் க்ளவுட் மறைந்தது.

அளவுகோல் போனாலும் ஆசை போகவில்லை. அதன் இடத்தில் டுவிட்டரின் நீலக் குறி இருந்தது. பேஸ்போல் பயிற்றுநர் டோனி லா ரூசா, தமது பெயரில் இயங்கிய போலிக் கணக்கை எதிர்த்து 2009 இல் வழக்குத் தொடர்ந்த பின்னர் ஏற்படுத்தப்பட்ட அடையாளம் அது. இவர் இவரே என்று மட்டும் சொல்ல வந்த குறி, இவர் முக்கியமானவர் என்ற பட்டமாக மாறியது. 2022 நவம்பரில் அது மாதம் 8 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. இலை லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் எவரோ குறி வாங்கி, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்தார். மறுநாள் அந்நிறுவனத்தின் பங்கு விலை 4 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது.

2023 ஏப்ரிலில் பழைய குறிகள் நீக்கப்பட்டன. எனக்குத் தெரிந்த நிருபர்கள் சிலர் கட்டணம் செலுத்தி அதனைத் திரும்பப் பெற்றனர், சிலர் விட்டுவிட்டனர். அவர்கள் எழுதும் செய்திகளை அதற்குப் பிறகும் வாசித்து வருகிறேன். எவர் பணம் கட்டினார், எவர் கட்டவில்லை என்பதை அவற்றிலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.