புதிய அலுவலக விசா (அமெரிக்கா, எல்-1)

வெளிநாட்டில் இயங்கிவரும் நிறுவனம் ஒன்று அமெரிக்காவில் முதன்முறையாக அலுவலகம் திறக்கும்போது, அந்த வேலைக்குத் தன் ஊழியர் ஒருவரை அனுப்ப உதவும் அனுமதியே புதிய அலுவலக விசா. இது தனி வகை அன்று. நிறுவனத்துக்குள் இடமாற்றம் பெறுவோருக்கான எல்-1 விசாவின் ஒரு பிரிவு. அமெரிக்காவில் தொழில் நடத்தத் தொடங்கி ஓராண்டு நிறையாத கிளை, துணை நிறுவனம், இணை நிறுவனம் எல்லாமே ‘புதிய அலுவலகம்’தான். நிர்வாகிக்கும் மேலாளருக்கும் எல்-1ஏ; நிறுவனத்துக்கே உரிய சிறப்பறிவு கொண்டவருக்கு எல்-1பி. யாராயினும் முந்தைய மூன்றாண்டுகளுக்குள் ஓராண்டு தொடர்ச்சியாக அந்நிறுவனத்தின் வெளிநாட்டுப் பிரிவில் வேலை பார்த்திருக்க வேண்டும். வழக்கமான எல்-1 முதலில் மூன்றாண்டுக்குக் கிடைக்கும். புதிய அலுவலகத்துக்கோ ஓராண்டுதான். இந்த ஓராண்டுக் கெடுவே இப்பிரிவின் மையச் சிக்கல். அலுவலகம் திறக்க வருபவரிடம், திறந்து வளர்ந்து முடிந்த அலுவலகத்தின் அளவை அது கேட்கிறது.

இந்த முரண் எங்கிருந்து வந்தது என்பதை எல்-1 பிறந்த கதை காட்டும். 1952-ஆம் ஆண்டின் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தில் நிறுவன இடமாற்றத்துக்கென்று தனி வகை இருக்கவில்லை. தற்காலிக வேலைக்கான எச் வகையில் வரவேண்டுமானால், வருபவர் மட்டுமல்ல, வேலையும் தற்காலிகமானதாக இருக்க வேண்டும் என்று அன்றைய சட்டம் கேட்டது; கிளை மேலாளர் பதவி அப்படிப்பட்டதன்று. ஆகவே பல நிறுவனங்கள் தம் மேலாளர்களை நிரந்தரக் குடியேறிகளாகவே அழைத்துவந்தன. 1965-ஆம் ஆண்டுத் திருத்தம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கி, முன்னுரிமை வரிசையையும் தொழிலாளர் துறைச் சான்றிதழையும் கொண்டுவந்தபோது அந்த வழியும் நெரிசலில் சிக்கியது. பன்னாட்டு நிறுவனங்கள் முறையிட்டதன் விளைவாக, 1970 ஏப்ரல் 7 அன்று வந்த சட்டம் எல் வகையை உருவாக்கியது. புதிய வகையில் வருவோர் எண்ணிக்கையில் குறைவாகவே இருப்பர் என்று நாடாளுமன்றம் எண்ணியதால் எச்-1பி விசாவுக்குப் பின்னாளில் வந்ததுபோன்ற ஆண்டு உச்சவரம்பு இதற்கு விதிக்கப்படவில்லை. நிறுவனத்தைப் பொறுத்தவரை சட்டம் கேட்டதெல்லாம், வருபவர் ‘அதே முதலாளிக்கோ அதன் துணை, இணை நிறுவனத்துக்கோ’ தொடர்ந்து பணியாற்ற வருகிறாரா என்பதே. அமெரிக்காவில் அலுவலகம் எத்தனை நாள் நடந்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்து வந்த விதிகள் பெரிய நிறுவனத்தையும் சிறிய நிறுவனத்தையும் வெவ்வேறு வாசல்களுக்கு அனுப்பின. ஆள் ஆளாக மனுப் போடாமல் மொத்தமாக ஒப்புதல் பெறும் ‘பிளாங்கெட்’ முறை 1983-இல் வந்தது. அதற்கு அமெரிக்க அலுவலகம் ஓராண்டு நடந்திருக்க வேண்டும். உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமாக மூன்று கிளைகளாவது வேண்டும். அதன்மேல் பன்னிரண்டு மாதத்தில் பத்து எல் ஒப்புதல்கள், அல்லது அமெரிக்கப் பிரிவுகளுக்கு 2.5 கோடி டாலர் ஆண்டு விற்பனை, அல்லது அங்கே 1,000 ஊழியர் இருக்க வேண்டும். இந்தியாவில் இவ்வகை விண்ணப்பங்கள் அனைத்தையும் 2011 டிசம்பர் முதல் சென்னைத் துணைத் தூதரகத்தில் குவித்ததை நினைத்தால், அந்த வாசலில் எவ்வளவு கூட்டம் என்பது விளங்கும். புதிய அலுவலகத்துக்கு அந்த வாசல் இல்லை. அதற்கென்று 1987-இல் குடிவரவுத் துறை எழுதிய விதிதான் ஓராண்டுக் கெடுவைக் கொண்டுவந்தது. அந்தக் கெடுவை நாடாளுமன்றம் வாக்களித்து வைக்கவில்லை. துறையே தன் விதியில் எழுதி வைத்தது.

அந்த ஓராண்டு நடைமுறையில் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். மனுவோடு வைக்க வேண்டியவற்றுள் முதன்மையானது, அலுவலகத்துக்கு இடம் பிடித்தாகிவிட்டது என்பதற்கான சான்று. அதாவது வரவேண்டியவர் இன்னும் ஊரில் இருக்கும்போதே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, முன்பணம் கட்டி, மாத வாடகை ஓடத் தொடங்கிவிடும். மனு ஒப்புதலான பின் தூதரக நேர்காணல், பாஸ்போர்ட்டில் முத்திரை, பயணம், வங்கிக் கணக்கு, வரி எண் என்று ஓராண்டின் முன்பகுதி கரைந்துபோகும். கெடு முடிவதற்குள் நீட்டிப்பு மனுப் போட்டாக வேண்டும் என்பதால் பின்பகுதியும் சுருங்கும். எஞ்சிய சில மாதங்களில் அலுவலகம் முறையாகவும் தொடர்ச்சியாகவும் சரக்கோ சேவையோ வழங்கியிருக்க வேண்டும். பெயர்ப்பலகையும் மேசையும் மட்டும் இருந்தால் போதாது. ஊழியர் எத்தனை பேர், யாருக்கு என்ன சம்பளம், வரவு செலவு எப்படி என்பதையெல்லாம் காட்டி, வந்தவர் இப்போது முதன்மையாக மேலாளர் வேலையையே பார்க்கிறார், பொட்டலம் கட்டும் வேலையையும் பில் போடும் வேலையையும் வேறு ஆட்கள் பார்க்கிறார்கள் என்று நிறுவ வேண்டும். தொழில் தொடங்கிய எவரும் அறிவர்: முதல் ஆண்டில் முதலாளியே கல்லாவிலும் இருப்பார், கிடங்கிலும் இருப்பார். அந்த உழைப்பையே விதி அவருக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்கிறது.

சட்டத்தின் கருத்து இதுவன்று என்பதற்குச் சட்டமே சாட்சி. மேலாளர், நிர்வாகி என்ற சொற்களை வரையறுத்த 1990-ஆம் ஆண்டுத் திருத்தம், ஊழியர் எண்ணிக்கையை ஓர் அளவுகோலாகக் கொண்டால் அந்நிறுவனத்தின் நோக்கத்தையும் வளர்ச்சிக் கட்டத்தையும் வைத்து அதன் நியாயமான தேவையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. தலைகளை எண்ணுவது மட்டும் போதாது என்பதே இதன் பொருள். ஆனால் 2008-இல் பிரேசில் குவாலிட்டி ஸ்டோன்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் வழக்கில், நீட்டிப்பை மறுத்த துறையின் முடிவை ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. நிறுவனத்தின் சிறுமையை மற்றக் காரணங்களோடு சேர்த்து எடைபோடலாம் என்றது. எட்டாண்டுக்குப் பின், 2016-இல், துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் இஸட்-ஏ நிறுவனத்தின் மனுவில் வேறொரு கதவைத் திறந்தது. அமெரிக்காவில் ஆள் குறைவாக இருந்தாலும், ஜப்பானில் உள்ள இணை நிறுவன ஊழியர்கள் அந்த மேலாளருக்காகச் செய்யும் வேலையையும் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்து, அதைத் துறை முழுவதும் பின்பற்ற வேண்டிய முடிவாக ஆக்கியது. தாய் நிறுவனத்தின் கணக்குப் பிள்ளையும் வடிவமைப்பாளரும் கடல் கடந்திருந்தாலும் அவர்கள் அந்த அலுவலகத்தின் ஆட்களே. சரியான வாசிப்பு இதுதான்.

கெடு தளர்ந்தால் மோசடி பெருகும் என்பது வலுவான மறுப்பு. 2006-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கை, இனிமேல்தான் தொழில் தொடங்கப்போவதாகச் சொல்பவரும் இவ்விசாவுக்கு மனுப் போடலாம் என்பதையும், வெளிநாட்டு நிறுவனத்தின் உண்மையை அமெரிக்காவில் உட்கார்ந்து சரிபார்ப்பது கடினம் என்பதையும் பலவீனங்களாகச் சுட்டியது. இரண்டும் உண்மைதான். ஆனால் இல்லாத நிறுவனத்தைக் கண்டுபிடிக்க நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கைத் தோண்ட வேண்டும். தாய் நிறுவனம் இருக்கும் ஊரில் விசாரிக்க வேண்டும். ஓராண்டுக் கெடு இவற்றுள் எதையும் செய்வதில்லை. காகிதத்தில் ஊழியர் பட்டியல் தயாரிக்கத் தெரிந்தவரை அது தடுக்காது. ஆறு பேரை அமர்த்த வருமானம் போதாமல் மூன்று பேரோடு நேர்மையாக நடத்துபவரைத்தான் திருப்பி அனுப்பும். முதலீட்டாளருக்கான இ-2 விசா இருக்கிறதே என்பது மற்றொரு மறுப்பு. அது அமெரிக்காவோடு அதற்கான ஒப்பந்தம் உள்ள நாட்டவருக்கு மட்டும் உரியது. இலங்கைக் குடிமக்களுக்கு 1993 முதல் அது உண்டு. இந்தியக் குடிமக்களுக்கு இல்லை. ஒரே தொழிலை நடத்தும் இருவரில் கொழும்புக்காரர் கணிசமான முதலீட்டைக் காட்டி இ-2 பெற்று, தொழில் நடக்கும்வரை புதுப்பித்துக்கொண்டே போகலாம். கோயம்புத்தூர்க்காரருக்கு எல்-1தான் வழி. நீட்டிப்புகள் எல்லாம் கிடைத்தாலும் எல்-1ஏ ஏழு ஆண்டோடும் எல்-1பி ஐந்து ஆண்டோடும் முடிந்துவிடும்.

பிரிட்டனிலும் போக்கு இறுகியே வருகிறது. அங்கே வெளிநாட்டு நிறுவனத்தின் ஒற்றைப் பிரதிநிதிக்கு முதலில் மூன்றாண்டும் பின் இரண்டாண்டும் தந்து, ஐந்தாண்டு முடிவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு வழிவிட்ட விசா 2022 ஏப்ரல் 11-இல் புதியவர்களுக்கு மூடப்பட்டது. அதன் இடத்தில் வந்த விரிவாக்கப் பணியாளர் விசாவில் ஒருவருக்குப் பதில் ஐந்து பேர் வரை போகலாம். ஆனால் முதலில் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு, அதைக் கொண்டு அங்கே நிலைத்துவிட முடியாது.