உதகையின் உறைபனியும் நாற்றுகளுக்கான மூடாக்கும்

முட்டைக்கோசு, கேரட், உருளைக்கிழங்கு முதலிய ஐரோப்பியக் காய்கறிகள் தென்னிந்திய மண்ணுக்குப் பழகிய வரலாற்றில், 1809இல் ஆங்கிலேயர் படைமுகாம் அமைத்த பெங்களூருக்கும், அதன் பின் அவர்கள் குடியேறிய உதகமண்டலத்துக்கும் தனி இடம் உண்டு. பெங்களூர் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே, 1884 ஜனவரி 13 அன்று, 7.8 பாகை செல்சியஸாகத்தான் இருந்தது. எனவே, தோட்டத் தொழிலில் பேர்பெற்ற திகளர் சமூகத்தார் அங்கு வளர்த்த நாற்றுகளுக்கு வெயிலும் அடைமழையும் பகையாயின அன்றி, உறைபனி ஒருபோதும் பகையாகவில்லை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையின் நிலைமையோ வேறு.

நீலகிரியில் மழைக்காலம் தணியும்போது முதலில் இறங்குவது நீர்ப்பனி. அதாவது, இலையிலும் புல்லிலும் துளிகளாகத் தங்கும் பனி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில், நிலத்தை ஒட்டிய வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே செல்லும்போது அதுவே உறைபனியாகப் படிகிறது. குளிர்ந்த காற்று கனமானதாகையால் சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெளுத்துக் கிடக்க, சற்று மேலேயுள்ள சரிவு தப்பிவிடுவது இதனால்தான்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் இம்மலைக்கு வந்து, பின்னர் உதகையில் வீடும் தோட்டமும் அமைத்து, உருளைக்கிழங்கு உள்ளிட்ட புதுப் பயிர்களைப் பரப்பினார். இன்று மலர்க் கண்காட்சிக்குப் புகழ்பெற்ற அரசுத் தாவரவியல் பூங்காவும் காய்கறித் தேவையிலிருந்தே பிறந்தது என்பதைப் பலர் அறியார்: 1845இல் ஐரோப்பியக் குடியிருப்பாளர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா திரட்டி, நியாய விலையில் காய்கறி பெறுவதற்காகத் தொடங்கிய தோட்டமே அதன் முன்னோடி. அம்முயற்சி நிலைக்காமற்போகவே, கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்கைவர் 1848இல் பொறுப்பேற்றுப் பூங்காவை உருவாக்கினார். சல்லிவனும் மெக்கைவரும் நூல்களில் நிலைபெற்றுவிட்டனர். விடியற்குளிரில் நாற்றுகளைக் காத்த கூலியாட்களின் பெயர்களை அந்நூல்களில் தேடுவது வீண்.

சாமை, கோரலி ஆகிய சிறுதானியங்களை விளைவித்து வந்த மலைவாழ் படுகர் சமூகத்தார் உருளைக்கிழங்கை ஏற்றுக்கொண்டபின், நீலகிரியின் வேளாண்மை கார்போகம், கடைபோகம், நீர்போகம் என மூன்று பருவங்களாக அமைந்தது. இவற்றுள் ஆண்டின் தொடக்கத்தில், ஓடைநீர் எட்டும் பள்ளத்தாக்குகளில் நடப்படும் நீர்போகமே இடர் மிகுந்தது. ஏனெனில், பாசனத்துக்கு வாய்ப்பான அதே பள்ளம்தான் குளிர்காற்று தேங்கும் இடமாகவும் இருக்கிறது. தண்ணீரை விட்டு மேட்டுக்குச் செல்லவும் இயலாது, பனிக்கு அஞ்சிப் பருவத்தைக் கைவிடவும் மனம் வராது என்ற நிலையில் காப்புமுறைகள் இன்றியமையாதவை ஆயின.

செடியை மூடுவது ஏன் பயன் தருகிறது என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அறிஞர்களுக்கே விளங்காதிருந்தது. லண்டன் மருத்துவரான வில்லியம் சார்லஸ் வெல்ஸ், தோட்டக்காரர்கள் இளஞ்செடிகளின்மேல் மெல்லிய பாய் விரிப்பதை முதலில் பயனற்றதென்றே கருதியிருந்தார். பனித்துளி குறித்து 1814இல் வெளியிட்ட நூலில் அவரே அதன் காரணத்தை விளக்கினார்: திறந்த வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிராக இழக்கும் பொருள், சூழ்ந்துள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது, இடையில் ஒரு மறைப்பு இருந்தால் அவ்விழப்பு குறைகிறது. வட இந்தியாவில் வைக்கோல் பரப்பிய ஆழமற்ற குழிகளில் மண்தட்டுகளை வைத்து, தெளிந்த இரவுகளில் பனிக்கட்டி எடுத்த முறையும் இவ்விதியைச் சார்ந்ததே; அதனை ஆங்கிலேயரான ராபர்ட் பார்க்கர் 1775இலேயே விவரித்திருந்தார். ஆக, பனிக்கட்டி செய்வோர் வானத்துக்குத் திறந்துவைத்ததைத் தோட்டக்காரர் மூடிவைத்தார் என்பதே வேறுபாடு.

உதகைப் பூங்காவில் இன்றும் மலர் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் எனப்படும் இலையடர்ந்த செடியின் கிளைகளால் மூடுகின்றனர். மூடாக்கு எதுவாயினும், நிலம் பகலில் பெற்ற வெப்பம் சிதறுமுன் மாலையிலேயே இட்டு, வெயில் ஏறியபின் அகற்றுவதே முறை. காய்கறித் தோட்டங்களில் கதிரவன் எழுமுன் நீர் தெளித்து இலைமேல் படிந்த உறைபனியைக் கரைத்துவிடுவதும் வழக்கம். உறைந்த இளந்தளிர்மீது சுள்ளென்று வெயில் பட்டால் அது கருகிவிடும் என்பது மலைவிவசாயிகளின் பட்டறிவு. அண்மைக்காலத்தில் பாலித்தீன் தாளை நேரே செடிமேல் போர்த்துவோரும் உண்டு. தாளைத் தொடும் இலை அதன் குளிரை வாங்கிக்கொள்வதாலும், மெல்லிய பாலித்தீன் வெப்பக் கதிர்களைப் பெருமளவு வெளியேறவிடுவதாலும், சிறு தோட்டத்துக்கு அதைவிட மிலார்க் கிளைகளே மேலானவை.