மலையேறி வந்த வஞ்சகம்



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள் உண்டு. சேர்வராயன் மலைமீது வாழ்ந்தோர்க்கு அம்மலையின் செங்குத்துச் சரிவே நெடுங்காலம் மதிலாக விளங்கிற்று. ஏமாற்ற நினைத்தவனும் மலையேறித்தான் வரவேண்டும். வந்தால் அவன் முகத்தை ஊரார் கண்டுவிடுவர். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொணர்ந்தார். தோட்டங்கள் பெருகின, காலப்போக்கில் தபாலும் தந்தியும் தொலைபேசியும் மலையேறின. இன்றோ, கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒரு வளைவையும் சுற்றாமல் நொடிப்பொழுதில் வீட்டுக்குள் நுழைகிறது. அதனோடு முகமற்ற வஞ்சகனும் நுழைகிறான்.

இவ்வஞ்சகம் நம் காலத்தில் முளைத்த புதுமை அன்று. செய்தி விரைந்து செல்லும் வழி எங்குத் திறக்கிறதோ, அங்கு அவ்வழியைத் திருடுவோனும் தோன்றுகிறான் என்பது வரலாறு காட்டும் உண்மை. மின்தந்தி பரவுமுன் பிரான்சு நாட்டில் கோபுரங்களின்மீது மரக்கைகளை அசைத்துச் செய்தி அனுப்பினர். அவ்வழி அரசுக்கே உரியது. போர்தோ நகரத்துப் பிளாங்க் சகோதரர் இருவர், 1834 முதல் 1836 வரை, தந்தி ஊழியர் ஒருவருக்குக் கையூட்டளித்து, அரசுச் செய்திகளினூடே தம் இரகசியக் குறிகளைப் புகுத்தினர். பாரிசுப் பங்குச் சந்தையின் நிலவரத்தைப் பிறர்க்கு முன்னரே அறிந்து பொருள் குவித்தனர். அச்செயலைத் தடுக்கும் சட்டம் அன்று இல்லாமையால், அகப்பட்டபின்னும் பெருந்தண்டனையின்றித் தப்பினர்.

அவர்கள் திருடியது அரசின் வழியை. நம் சென்னையிலோ, பெரிய பெயரே மக்களை மயக்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆர்பத்நாட் கம்பெனி என்ற பெயரைக் கேட்ட அளவிலே, கணக்கு வழக்கு எதனையும் வினவாமல், மக்கள் தம் சேமிப்பை அதனிடம் ஒப்படைத்தனர். 1906 அக்டோபரில் அந்நிறுவனம் முறிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பொருளிழந்து வாடின. அதன் தலைவரான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அந்த இழப்பில் மக்கள் சோர்ந்துவிடவில்லை, வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலியோர் முயன்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தனர்.

இக்கால வஞ்சகன் இவ்விரு தந்திரங்களையும் ஒன்றாக்கிக் கொண்டவன். வழியும் இரவல், பெயரும் இரவல். உலகின் முதற் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. இந்தியாவில் கைப்பேசியும் பொது மக்களுக்கான இணையமும் 1995-இல் வந்தன. 2016-இல் யுபிஐ முறை வந்தபின் கைப்பேசியே பணப்பையாயிற்று. உடனே இரவல் பெயர்களும் வந்தன. “மின்கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்” என்று மின்வாரியத்தின் பெயரால் ஒரு செய்தி. “உம்மை டிஜிட்டல் கைது செய்துள்ளோம்” என்று காவல்துறையின் பெயரால் ஓர் அழைப்பு. அத்தகைய கைது இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை! பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இடவேண்டியதும் இல்லை. அச்சமும் அவசரமுமே அவன் கருவிகள்.

பிளாங்க் சகோதரர் காலத்தில் இல்லாத சட்டம் இன்று உண்டு. கணினி வழியே பிறராக நடித்து ஏமாற்றுவோர்க்கு, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. பணம் இழந்தவர் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். விரைந்து சொன்னால், பணம் கைமாறிப் போகுமுன் தடுத்து நிறுத்த வழியுண்டு.

ஆயினும் சட்டம் வருவது களவுக்குப் பின்னரே. அதற்கு முன்னர் வரவேண்டியது ஐயம். வந்த செய்திக்குள்ளேயே உண்மையைத் தேடாமல், வேறொரு வழியால் உசாவுவதே நற்காப்பு. வங்கியின் பெயரால் செய்தி வந்தால் வங்கிக்கே சென்று கேட்க வேண்டும். மலையூர் வீடுகள் பலவற்றில் ஆங்கிலச் செய்தியைப் படித்துச் சொல்பவர் பள்ளி செல்லும் பிள்ளையே. தோட்டத்தில் உழைத்த தாயின் கூலி வங்கியில் நிலைப்பதும் நீங்குவதும் அப்பிள்ளை சொல்லும் ஒரு சொல்லில் அமையக்கூடும். “பொறு அம்மா, விசாரித்துவிட்டுச் செய்வோம்” என்பதே அச்சொல்லாக இருக்கட்டும்.