டான்பரி டிராஷர்ஸ்: இரண்டே பருவங்கள் ஆடிய அணி

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து டான்பரி, தொப்பித் தொழிலால் செழித்து 'தொப்பி நகரம்' என்று பெயர் பெற்று, ஆண்கள் தொப்பி அணியும் வழக்கம் அருகியபோது ஆலைகளை ஒவ்வொன்றாக இழந்த ஊர். அங்கே 2004இல் குப்பை அகற்றும் நிறுவனங்களின் உரிமையாளரான ஜேம்ஸ் கலான்டே ஐஸ் ஹாக்கி அணியொன்றைத் தொடங்கி, அதன் நிர்வாகத்தைப் பதினேழு வயது மகனிடம் ஒப்படைத்தார். குப்பையைக் குறிக்கும் 'டிராஷ்' என்ற சொல்லிலிருந்தே 'டிராஷர்ஸ்' என்ற அணிப் பெயர் பிறந்தது.

அவ்வணி ஆடிய யுனைடெட் ஹாக்கி லீக் ஒரு 'மைனர் லீக்'. அதாவது, உச்சநிலைப் போட்டியான தேசிய ஹாக்கி லீக்கிற்குச் சில படிகள் கீழே, சிறு நகரங்களின் நுழைவுச்சீட்டு வருவாயை நம்பி நடந்த போட்டி. 2004–05இல் ஊதியத் தகராறால் தேசிய லீக்கின் பருவம் முழுவதும் ரத்தானதால், அந்த லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையின் 2003 கடைசி ஆட்டத்தில் வெற்றி கோலை அடித்த மைக் ரப் போன்றோரும் டான்பரியில் ஆட நேர்ந்தது. ஆயினும் கூட்டத்தை ஈர்த்தது பெரும்பாலும் சண்டையே. கையுறைகளைப் பனித்தளத்தில் உதறிவிட்டு இருவர் முட்டிக்கொள்வதற்கு ஐந்து நிமிடத் தண்டனை உண்டு. தண்டனைக் கூண்டை நோக்கிச் சறுக்கிச் செல்லும் தம் வீரனை அரங்கின் 102ஆம் இருக்கைப் பிரிவு ரசிகர்கள் எழுந்து நின்று ஆரவாரித்து வழியனுப்பினர்.

பணக்கார உரிமையாளர் ஒருவரே நல்ல வீரர்களையெல்லாம் வளைத்துவிடாதபடி, ஓர் அணி வழங்கும் மொத்தச் சம்பளத்திற்கு லீக் 2,75,000 டாலர் உச்சவரம்பு விதித்திருந்தது. டிராஷர்ஸ் அணி செலவிட்டதோ சுமார் 7,50,000 டாலர் என்றும், வீரர்கள் சிலரையும் அவர்தம் மனைவியரையும் குப்பை நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் சேர்த்து, செய்யாத வேலைக்கு ஊதியம் கொடுத்தே அது ஈடுகட்டப்பட்டது என்றும் கூட்டரசு வழக்குரைஞர்கள் குற்றஞ்சாட்டினர். வழக்கின் மையமோ ஹாக்கி அன்று: குப்பை நிறுவனங்கள் வாடிக்கையாளர்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு போட்டியை ஒழித்து, கட்டணத்தை உயர்த்தியதே அது. அவ்வாறாயின், அரங்கில் ஆர்ப்பரித்த ஊரே அணியின் செலவில் ஒரு பகுதியைத் தன் குப்பைக் கட்டணத்தின் வழியாக அறியாமல் சுமந்தது எனலாம். அதனால்தான் அந்த ரசிகர்களின் உண்மையான அன்பு இவ்வரலாற்றில் மிகவும் வேதனை தருவதாக நிற்கிறது.

2006இல் இறுதிப்போட்டி வரை முன்னேறிய அணி கலமசூ விங்ஸிடம் தோற்றது. ஜூனில் உரிமையாளர் கைதானதும் கலைந்தது. 2008இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 87 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதே அரங்கில் பின்னர் வேறு அணிகள் வந்து மறைந்தன. 2019இல் தொடங்கிய அணி, ஒரே ஆட்டத்தில் ஒருவர் அடிக்கும் மூன்று கோல்களைக் குறிப்பதும், 'ஹாட்' (தொப்பி) என்ற சொல்லால் ஊரின் பழைய தொழிலை உள்ளடக்கியதுமான 'ஹாட் ட்ரிக்ஸ்' என்ற பெயரைச் சூடிக்கொண்டது.