இரண்டு நுனிகள்

புத்தக அலமாரி செய்வதற்காகத் தேக்குக் கட்டை ஒன்றை மரம் அறுக்கும் மில்லுக்கு அனுப்பியிருந்தேன். திரும்பி வந்த பலகைகளைப் பார்த்ததும் துக்கமாகப் போய்விட்டது. ஒரு முனையில் ஓர் அங்குலக் கனம், மறுமுனையில் முக்கால். நடுவே வயல் வரப்பு மாதிரி நெளிவு வேறு. நேரிலேயே போய்க் கேட்டேன்.

"மரத்திலே முறுக்கு இருக்கு, சார்" என்றார் மேஸ்திரி.

மூலையில் உட்கார்ந்து ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே சொன்னார்: "மரத்து மேலே பழி போடாதே தம்பி. ரம்பத்தைப் பாரு."

அந்தப் பெரியவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே பிறந்த ஆவல் என்னை லண்டனுக்கும் பாரிஸுக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று. புத்தகங்களின் வழியாகத்தான்!

பட்டை ரம்பத்தை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றிப் பல் வைத்த உருக்குப் பட்டை ஒன்று மாலை போல ஓடும். கைவாள் போன வழியே திரும்பி வரவேண்டும். இதுவோ ஒரே திசையில் ஓயாமல் அறுக்கும். வட்ட ரம்பத்தைவிடப் பட்டை மெல்லியது. ஆகவே தூளாகிற மரமும் குறைவு. இந்த யோசனை லண்டனில் வில்லியம் நியூபெரி என்பவருக்கு 1810 பிறக்குமுன்பே உதித்துவிட்டது. பேட்டண்ட் உரிமையும் பெற்றுவிட்டார்.

ஆனால் மாலைக்கு முடிச்சு வேண்டுமே? நீளமான பட்டையின் இரண்டு நுனிகளையும் சேர்த்தால்தானே வளையம்? அங்கேதான் வந்தது வினை. பதினைந்தடி நீளமுள்ள பட்டை நிமிஷத்துக்கு மூவாயிரம் அடி வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுப் போட்ட இடம் நிமிஷத்துக்கு இருநூறு தடவை சுற்றி வரும். இரண்டு சக்கரங்களிலும் வளைந்து நிமிர வேண்டும் என்றால், நானூறு வளைவு! அந்தக் காலத்து ஒட்டு அதைத் தாங்கவில்லை. பட்டை படீர் படீரென்று அறுந்தது. நல்ல யோசனை ஒன்று ஏறக்குறைய நாற்பது வருஷம் மூலையில் கிடந்தது.

அதை எழுப்பியவர் ஒரு பிரெஞ்சு மாது. ஆன் போலின் கிரெப்பன் என்று பெயர். நுனிகளை உறுதியாகப் பற்றவைக்கும் முறைக்கு 1846-ல் அவர் பேட்டண்ட் கோரினார். பிறகு அந்த உரிமையைப் பாரிஸிலிருந்த பெரன் கம்பெனிக்கு விற்றார். அந்தக் கம்பெனியார் நல்ல உருக்கையும் பதம் ஏற்றும் வித்தையையும் அதனுடன் சேர்த்தார்கள். அறுந்துபோகாத பட்டை பிறந்தது. 1869-ல் அமெரிக்காவின் இண்டியானாவில், போர்ட் வேன் நகரத்து ஜேக்கப் ஹாப்மன் பெரிய அடிமரங்களையே அறுக்கும் பட்டை ரம்பத்துக்கு உரிமை பெற்றார்.

ஒட்டு நின்றுவிட்டது, சரி. ஆனால் அறுப்பு நேராக வர வேண்டாமா? அது உரிமைப் பத்திரத்தில் இல்லை. பெரியவர் கையில் இருந்தது.

அவர் முதலில் விசையை நிறுத்தினார். சக்கரத்தின் மேல் போர்த்திய ரப்பரில் அப்பியிருந்த மரத்தூளையும் பிசினையும் சுரண்டினார். "இந்தக் கட்டி மேலே ஏறி இறங்கறப்போ பட்டை துள்ளும், ஐயா" என்றார். சக்கரத்தின் விளிம்பு நடுவில் இம்மி உயர்ந்திருக்கும். பட்டை எப்போதும் மேட்டையே நாடும். மேல் சக்கரத்தைச் சற்றே சாய்த்து, கையால் சுழற்றி, பட்டை நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு இறுக்கம். தளர்ந்த பட்டை மரத்துக்குள்ளே வயிறு தள்ளும். அளவு மீறி இறுக்கினால் அறுந்துபோகும்.

இவ்வளவும் ஆன பின்புதான் பக்கத் தாங்கிகளைத் தொட்டார். பட்டைக்கும் தாங்கிக்கும் நடுவே ஒரு காகிதக் கனம் இடைவெளி. முதுகுத் தாங்கியோ, மரம் தள்ளும்போது மட்டும்தான் பட்டையைத் தொட வேண்டும். "கோணலா ஓடுற பட்டையைத் தாங்கியாலே நெருக்கி நேராக்கிடலாம்னு பார்ப்பாங்க. அது நடக்காது" என்றார்.

கடைசியில் பற்கள். ஒன்று வலமும் ஒன்று இடமுமாக வளைந்திருக்க வேண்டும். என் பலகையைக் கெடுத்த குற்றவாளி அங்கேதான் அகப்பட்டான்! ஒரு பக்கத்துப் பற்கள் மழுங்கியிருந்தன. கூரான பக்கத்தை நோக்கிப் பட்டை ஓடியிருக்கிறது. மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை.

பெரியவர் அரம் போட்டு முடித்ததும் அதே பலகைகளை மறுபடி அறுத்தார்கள். எல்லாம் அரை அங்குலமாயின. ஆனால் நேராக இருந்தன.

என் அலமாரி கொஞ்சம் மெலிந்த உடம்புதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் கிரெப்பன் அம்மையாரை நினைத்துக்கொள்கிறேன். யந்திரம் விற்றவர்களின் பெயர் யந்திரத்தின் மேல் இருந்தது. ஒட்டுப் போட்டவரின் பெயர் ஒட்டுக்குள்ளேயே மறைந்துபோயிற்று. நல்ல ஒட்டுக்கு அடையாளமே அதுதான்: எங்கே இருக்கிறதென்று விரல் வைத்துக் காட்ட முடியாது.